நடுப்பலகை

“நீ பார்த்ததையெல்லாம் யார்கிட்டயாவது சொல்லுவியா, இல்ல உள்ளேயே வெச்சுப் பூட்டிடுவியா?”

மாமா ஒருமுறை என்னிடம் கேட்டது இது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். மீன் பிடிக்கப் போகிற இடத்திலெல்லாம் ஒரு சின்ன ஆக்‌ஷன் கேமராவில் படம் எடுத்து வருவார். அதை வெட்டி ஒட்டுவது என் வேலை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டோடு கிடந்த எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் கொண்டுவந்த படத்தில், பெரிய மீன் ஒன்றைக் கைநழுவவிட்டுவிட்டுத் தோணியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி விசும்பிக்கொண்டிருந்தார். கேமரா ஓடியது அவருக்கே தெரியாது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும்தான் அப்படிக் கேட்டார்.

நான் அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எறிந்தேன்.

கேமரா ஓடுவது தெரியாமல் போவது மாமாவின் தீராத வியாதி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி அது. ஒரே ஒரு பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் ஓடும், இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும். ஓடத் தொடங்கும்போது ஒரு கூவல் கேட்கும், சிவப்பு விளக்கு மினுக்கும். சத்தத்துக்கு மீன் ஓடிவிடும் என்று மாமா சத்தத்தை அணைத்துவிட்டார். வெளிச்சத்துக்கும் ஓடிவிடும் என்று விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். பின்பக்கத் திரை எப்போதோ பாறையில் விழுந்து செத்துப்போயிருந்தது. ஆக, அது விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். எங்கேயாவது ஒருமுறை கை தவறி அழுத்திவிட்டால் அன்று முழுக்க எல்லாம் தலைகீழ். நிறுத்துவதாக நினைத்து அழுத்தும்போது ஓடும், ஓடவிடுவதாக நினைத்து அழுத்தும்போது நிற்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் மீன் இருக்காது. அவருடைய முழங்காலும் சாப்பாட்டு டப்பாவும் வானமும் மணிக்கணக்கில் இருக்கும்.

போன வருடம் மாமா தனியாகக் காட்டு ஏரிக்குப் போனார்.

திரும்பி வரவில்லை.

தோணி நாணலுக்குள் நேராக நின்றது. கவிழ்ந்த அடையாளம் இல்லை. தூண்டில், பை, கழற்றி வைத்த செருப்பு எல்லாம் உள்ளே அப்படியே இருந்தன. தோணியின் மூக்கில் பொருத்திய கேமராவும் இருந்தது. பதினெட்டு நாள் தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை. கேமராவில் கடைசியாக இருந்தது பதினொரு நிமிடம். கரையில் உட்கார்ந்து தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடுகிற மாமாவின் முழங்கால். கடைசியில், “சரி, கிளம்பலாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார். ஓடவிடுவதாக நினைத்துக்கொண்டு.

அத்தோடு படம் நின்றுவிடுகிறது.

அக்கா அந்தப் பதினொரு நிமிடத்தை எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று கணக்கே இல்லை. அழமாட்டாள். எரிச்சல்தான் வரும் அவளுக்கு. முழங்காலைப் பார்த்துத் திட்டுவாள். இன்னும் ஒரு தடவை அந்தப் பாழாய்ப்போன பொத்தானை அழுத்தியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று சண்டை போடுவாள். அம்மா வந்து கூப்பிட்டாள், அண்ணன் போய்க் கெஞ்சினான். மூன்றாவது மாடியில் இருக்கிற அந்த வாடகை வீட்டை விட்டு அவள் அசையவில்லை. வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டாள். பாதி நாள் சாப்பிடுவதில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இப்படியே போனால் அக்காவும் நமக்கு இல்லை என்று அம்மா என்னிடம் சொன்னாள். என்னிடம் சொன்னால் வெளியே போகாது என்பதால் எல்லாரும் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்வார்கள்.

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னாள்.

“அவர் போன வழியிலேயே போங்க. இதே கேமராவுல முழுசா எடுத்துட்டு வாங்க. நான் ஒரு தடவை கண்ணால பாத்துடறேன். ஒண்ணும் இல்லைன்னா அம்மா வீட்டுக்கு வந்துடறேன்.”

கேமராவை அண்ணன் கையில் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னாள். “டேப்பை எடுக்காதே. அது அவர் ஒட்டினது.”

எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒன்றுமே இல்லாத ஒரு படம். தண்ணீர், மரம், நாங்கள் இரண்டு பேர். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் அக்கா பிழைத்துவிடுவாள்.

படகுத்துறையில் முதல் எரிச்சல் காத்திருந்தது. இரண்டு பேர் போகிற தோணி எல்லாம் வாடகைக்குப் போய்விட்டது. மூன்று பலகை போட்ட நீளத் தோணி ஒன்றுதான் மிச்சம். படகுக்காரர் மூன்று துடுப்பை எடுத்துப் போட்டார். ஒன்று உபரி, எது உடைந்தாலும் கைகொடுக்கும், அது இல்லாமல் யாரையும் தண்ணீரில் விடமாட்டேன் என்றார். நடுப்பலகையில் சாமான் பையை வைத்து, உபரித் துடுப்பை அதன் பக்கத்தில் கயிற்றால் கட்டினார். மாமா போனதும் அந்தத் துறையிலிருந்துதான். அண்ணன் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

நான் முன்பலகை. அண்ணன் பின்பலகை. என் முகத்துக்கு நேரே, தோணி மூக்கில், எங்களைப் பார்த்தபடி கேமரா.

கிளம்பிய அரைமணியில் தூறல் பிடித்துக்கொண்டது. கேமராக் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்தால் துடைத்த இடத்தில் கீறலாய் நீர் நின்றது. குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கியது. மாற்றுப் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கு என்று அண்ணன் கத்தினான். வைத்தேன். அதற்குள் கொக்கி அவன் தொப்பியில் மாட்டிக்கொண்டது. ஒரு மீன் கடித்து, இழுத்து, நரம்பை அறுத்துக்கொண்டு போனது. அதற்கும் நான்தான் காரணம். நான் துடுப்புப் போடுகிற லட்சணத்தில் மீன் என்ன, தவளைகூடச் சிரிக்கும் என்றான். என்னை அவன் ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு அந்தப் பேரை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

தோணி வேறு கல் ஏற்றியது போல நகர்ந்தது. தண்ணீர் விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. இரண்டு பேருக்கும் ஒரு பைக்கும் அது அவ்வளவு அமிழ வேண்டியதில்லை.

பேட்டரி மாற்றிய பிறகு அவன் பொத்தானை அழுத்தியபோது, விரல் வழுக்கி இரண்டு முறை அழுத்தியது போல எனக்குத் தோன்றியது. சொல்லியிருக்கலாம். ‘வாயை மூடிட்டுத் துடுப்பைப் போடு’ என்பான் என்று விட்டுவிட்டேன். வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் வரிசையாக அடுக்கினால் அதுதான் முதலில் நிற்கும்.

முதல் ஏரி முடிகிற இடத்தில் தண்ணீர் வற்றிச் சேறாகிவிடும். அங்கிருந்து கால் மைல் தோணியைக் கவிழ்த்துத் தோளில் சுமந்து காட்டு வழியாக இரண்டாவது ஏரிக்குப் போகவேண்டும். பையை அண்ணன் முதுகில் மாட்டிக்கொண்டான். அவன் முன்னால், நான் பின்னால். எனக்கு ஏற்கெனவே தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. பாதி வழியில் முடியாமல் கையைத் தளர்த்திவிட்டேன். ஒப்புக்கு விரலை வைத்துக்கொண்டு நடந்தேன்.

தோணி இறங்கவில்லை.

இலகுவாக, அலுங்காமல், என் தோளைத் தொடாமல் முன்னே போய்க்கொண்டிருந்தது. காட்டில் மக்கிய இலை வாசனை. அதற்குள் வேறொரு வாசனை. நாள்கணக்கில் நனைந்து, பிழியாமல் மூலையில் போட்ட துணியின் வாசனை.

இறக்கி வைத்தபோது அண்ணன் முதல் தடவையாகச் சிரித்தான். பரவாயில்லையே, உன் தோளிலும் வலு இருக்கிறதே என்றான்.

நான் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது ஏரியில் நாணல் இருக்கிற கரையோரம் கூடாரம் போட்டோம். மறுநாள் காலையில் மாமாவின் தோணி நின்ற இடம் வரைக்கும் போய், மூன்று சுற்றுச் சுற்றி, பொறுமையாக எல்லாப் பக்கமும் படம் எடுத்தோம். அண்ணன் அக்காவுக்காகக் குரல் வேறு கொடுத்தான். இதோ பார் அக்கா, இது நாணல், இது பாறை, இங்கே ஒன்றும் இல்லை என்று. கரைக்கு வந்ததும் மழை வலுத்தது. நடுமத்தியானம். கூடாரத்துக்குள் உட்கார்ந்து கார்டைக் கழற்றி அவன் போனில் போட்டுப் பார்த்தோம்.

அவன் பூட்ஸ். சேறு. கூடாரத்தின் ஆணி. வானம்.

நாணல் இல்லை, பாறை இல்லை, அவன் குரல் இல்லை. பேட்டரி மாற்றிய பிறகு எடுத்ததாக நினைத்த எதுவும் இல்லை. நிறுத்தியதாக நினைத்த நேரம் எல்லாம் இருந்தது.

அண்ணன் போனை என் மடியில் வீசினான். இரண்டு நாள், தோள் செத்து, விரல் விறைத்து, எல்லாம் தண்டம். மாமாவும் இப்படித்தான், அவர் கேமராவும் இப்படித்தான், டேப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற அக்காவும் இப்படித்தான் என்று பொரிந்து தள்ளினான். ஒரு மீனாவது பிடிக்கிறேன் என்று தூண்டிலை எடுத்துக்கொண்டு மழையிலேயே பாறைக்குப் போய்விட்டான்.

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேறு வேலை இல்லை.

ஒரு துண்டில், நாங்கள் சாப்பிட ஒதுங்கிய கரை. கேமரா தோணி மூக்கில் இருந்து உள்பக்கம் பார்க்கிறது. நானும் அண்ணனும் இறங்கி, டப்பாவோடு காட்சியை விட்டுப் போகிறோம். தோணி காலியாக, கயிற்றில் ஆடாமல் நிற்கிறது. மூன்று நிமிடம் அப்படியே. ஓட்டிவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனேன்.

தோணி ஒரு பக்கம் மெதுவாகச் சாய்ந்தது.

ஒரு ஆள் விளிம்பைப் பிடித்து, அனுபவத்தோடு, நடுவில் காலை வைத்து ஏறினால் எப்படிச் சாயுமோ அப்படி. பிறகு நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது தண்ணீர் விளிம்புக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது.

நடுப்பலகையில் இருந்த பை ஒரு சாண் நகர்ந்தது. தள்ளிவிட்டது போல இல்லை. உட்கார இடம் பண்ணிக்கொள்வது போல.

காற்று என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த துண்டை வைத்தேன்.

அது தோணியைச் சுமந்து வந்த வழி. கேமரா தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, எங்கள் கால்களைப் பார்க்கிறது. முதலில் எல்லாம் கலங்கலாக ஆடியது. போனைத் திருப்பிப் பிடித்தேன். முன்னால் அண்ணனின் பூட்ஸ். தூரத்தில், பின்னால், என் கான்வாஸ் ஷூ.

நடுவில் இன்னொரு ஜோடிக் கால்.

வெறுங்கால்.

வெளுத்திருந்தது. விரல்கள் ஊறிச் சுருங்கி, பாத்திரம் கழுவிய கையைப் போல இருந்தன. சேற்றில் எங்கள் கால்கள் புதைந்து புதைந்து எழுந்தன. அந்தக் கால்கள் புதையவில்லை. ஆனால் எங்களோடு ஒரே தாளத்தில் நடந்தன. கல் இருக்கிற இடத்தில் தாண்டின. என் ஷூ தடுமாறிய இடத்தில் நின்று, நான் சுதாரிக்கும் வரை காத்திருந்தன.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ, தெரியாது. அண்ணன் நனைந்து வந்து நின்றான். மீன் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலிக்கு வாயெடுத்தான். போனை நீட்டினேன்.

அவன் பார்த்தான். மறுபடி பார்த்தான். கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னான்.

“அழிச்சுடு.”

“அக்கா...”

“அக்கா இதைப் பாத்தா அன்னிக்கே இங்க வந்து தண்ணியில எறங்கிடுவாடி. அழி.”

ஒவ்வொன்றாக அழித்தேன். அண்ணன் கேமராவை எடுத்து, நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்து மண்ணில் போட்டான். மழை விட்டதும் கிளம்பினோம். வந்த வழியே போகிறோம், அதையே அக்காவுக்குக் காட்டுவோம் என்பதுதான் திட்டம். அவன் பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு மினுக்கியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

நடுப்பலகை என் முதுகுக்குப் பின்னால். அண்ணனுக்கு அது முகத்துக்கு நேரே. அவன் என்ன பார்த்தான், பார்க்காமல் இருக்க என்ன பாடுபட்டான் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தவன், திரும்பும் வழியில் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. அவன் திட்டமாட்டானா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

மழை நின்றிருந்தது. ஏரி கண்ணாடி போலக் கிடந்தது.

என் பின்கழுத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நாலு சொட்டு. துடுப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றும்போது முன்னால் இருக்கிறவர் மேல் சிந்துமே, அப்படி.

“அண்ணா, தெளிக்காத.”

“நான் இல்லடி,” என்றான். தோணியின் அந்தக் கோடியிலிருந்து அவன் குரல் வந்தது. நடுவில் ஆறடி இருந்தது. “திரும்பாத. துடுப்பைப் போடு.”

போட்டேன். சொட்டு விழுவது நிற்கவில்லை. குளிரைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. வருகிற மனுஷன் ஒரு வார்த்தை பேசினால் என்ன? ஒரு வருடமாக ஒருத்தி எலும்பாக உருகிக்கொண்டிருக்கிறாள். இருக்கிறேன் என்றோ, இல்லை என்றோ சொல்லித் தொலைத்தால் என்ன? இப்படித் துடுப்புப் போட்டுக்கொண்டு கூட வந்தால் நாங்கள் என்ன செய்வது? மனதுக்குள் கத்தினேன். வெளியே வழக்கம்போல ஒன்றும் வரவில்லை.

சேற்று வழியில் தோணியைத் தூக்கும்போது நான் கையைத் தளர்த்தவில்லை. எவ்வளவு முட்டுக்கொடுத்தும் என் தோளில் அதன் பாரம் ஏறவேயில்லை.

துறையில் படகுக்காரர் தோணி மூக்கைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆள் இறங்கும்போது ஆடாமல் இருக்க அவர் அப்படித்தான் செய்வார். நான் இறங்கினேன். அண்ணன் பையோடு இறங்கினான். அவர் காலை எடுக்கவில்லை. உள்ளே பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டு நின்றார். பிறகு திடுக்கிட்டது போலக் காலை எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் கொட்டகைக்குள் போய்விட்டார். அண்ணன் பொத்தானை அழுத்தினான். விளக்கு அணைந்தது.

படத்தை நான் வெட்டவே இல்லை. மூன்று மணி நேரம் ஓடியது. முதலில் நானும் அண்ணனும் பார்த்தோம். நான், பை, அண்ணன். உபரித் துடுப்பு கயிற்றுக்குள் கட்டியபடியே கிடந்தது. தோணியைச் சுமந்த இடத்திலும் இரண்டு ஜோடிக் கால்தான். வேறு எதுவும் இல்லை. துளி இல்லை, நிழல் இல்லை. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். இது போதும் என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா வீட்டில் லேப்டாப்பை வைத்தோம். கேமராவைப் பார்த்ததும் டேப் எங்கே என்று கேட்டாள். நனைந்து உரிந்துவிட்டது என்று அண்ணன் சொன்னான். போகும்போது எடுத்தது எங்கே என்று கேட்டாள். பேட்டரி போய்விட்டது என்றான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

மூன்று மணி நேரமும் பார்த்தாள். எங்களை அவள் பார்க்கவில்லை. அவள் கண் பையின் பக்கத்திலேயே நின்றது. ஒன்றே முக்கால் மணி நேரம் போன ஓர் இடத்தில் லேசாகச் சிரித்தாள். அங்கே நான் துடுப்பை மாற்றிக்கொண்டதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

படம் முடிந்தது. வெளியே ஏதோ வண்டி பின்னால் நகருகிற சத்தம்.

“பாத்துட்டியாக்கா?” என்றான் அண்ணன். “ஒண்ணும் இல்ல. துணிமணி எடுத்து வை. அம்மா காத்துட்டிருக்கா.”

அக்கா அவனைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். கிட்டே நகர்ந்து வந்து, என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். அவள் விரல் சூடாக இருந்தது.

“நீ சொல்லு. அங்க இருந்தாரா?”

அண்ணன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

‘இல்லை’ என்று சொன்னால் போதும். அக்கா பெட்டியைக் கட்டுவாள். அம்மா சோறு போடுவாள். இரண்டு மாதத்தில் கன்னத்தில் சதை பிடித்துவிடும். எல்லாம் என் வாய்க்குள் இருந்தது. அண்ணன் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினான். நான் வாயைத் திறந்தேன். சொல், சொல் என்று உள்ளுக்குள் என்னை நானே அடித்துக்கொண்டேன்.

என் பின்கழுத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ. பிறகு என் மோவாயை விட்டாள். மெதுவாக எழுந்து, புடவையைத் தட்டிச் சரிசெய்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். வேறு எதையும் எடுக்கவில்லை. எங்களைத் தாண்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அண்ணன் “அக்கா, அக்கா” என்று பின்னால் ஓடினான். படிக்கட்டு வரைக்கும் போனவன் ஏனோ அங்கேயே நின்றுவிட்டான். நான் அவன் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன்.

இரண்டு பேர் தாராளமாக இறங்கக்கூடிய படிக்கட்டு. வேறு யாரும் இல்லை. அக்கா சுவரை ஒட்டி, தோள் சுண்ணாம்பில் உரச, ஓர் ஓரமாக இறங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் இறங்குகிற அளவுக்கு இடம் விட்டிருந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் நின்று, அந்த ஆள் திரும்பும் வரை பொறுத்து, பிறகு இறங்கினாள்.

நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை.